முதியோர் ஏறுவதற்கேற்ற வண்டி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010-லும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012-லும் திறக்கப்பெற்றன. இவ்வாலைகளிலும், இவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் இளைஞருள் நம் அங்கத்தினர்களின் மக்கள் பலர். தந்தையார் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறார், அல்லது காஞ்சிபுரம் பக்கத்தில் தறியில் அமர்ந்து பட்டு நெய்கிறார். மகனோ மகளோ ஆலையில் வண்டி பூட்டும் வரிசையில் நிற்கிறார்கள். வேலை நிலைத்துக் கையில் நான்கு காசு சேர்ந்ததும், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வண்டி வாங்கித் தர வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றுகிறது. மருத்துவமனைக்கும் நிலத்துக்கும் சங்கத்துக்கும் போய்வர வேண்டும். போகும்போது இரண்டு மூட்டை உரத்தையோ நூல் சிப்பத்தையோ ஏற்றிக்கொள்ளவும் வேண்டும்.

எண்ணம் நல்லது. ஆனால் வாங்கிய வண்டியில் அந்த முதியவர்கள் எத்தனை முறை ஏறினார்கள் என்று விசாரித்தால், பல வீடுகளில் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. தணிக்கைக்காக நாம் செல்லும் சிற்றூர்களில், வாசலில் உயரமான புதுவண்டி நிற்க, வீட்டுப் பெரியவர் பேருந்துக்குக் காத்திருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறோம். காரணம் கேட்டால், "அதிலே ஏற முடியலே, தம்பி. இறங்கறப்போ யாராவது பிடிச்சுக்கணும். பஸ்ஸுன்னா கம்பி இருக்கு" என்பார்கள். இதனை வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. ஏற இயலாதவர் முதலில் நிலத்துக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு வருவதில்லை. இறுதியில் மருத்துவரிடம் போவதையும் தள்ளிப்போடுகிறார். இறங்கும்போது கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, அந்தப் பிராயத்தில் படுக்கையை விட்டு எழுவதே அரிதாகிவிடுகிறது. ஆகையால் முதியோருக்கென வாங்கும் வண்டியில் ஏறும் வசதியே முதற்கண் ஆராயத்தக்கது. விசையும் விலையும் நிறமும் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

இவ்விஷயத்தில் பெரும் குழப்பம் "உயரம்" என்னும் ஒரு சொல்லால் விளைகிறது. வண்டிக்கு மூன்று உயரங்கள் உண்டு. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள தரை இடைவெளி ஒன்று. கதவைத் திறந்தால் நாம் காலைத் தூக்கிக் கடக்க வேண்டிய வாசல் விளிம்பின் உயரம் மற்றொன்று. தரையிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை உள்ள உயரம் மூன்றாவது. விற்பனையாளர் பெருமையாகச் சொல்வது முதல் உயரத்தை. அது வண்டிக்கு வேண்டியது. பெரியவரின் முழங்காலுக்கு வேண்டியவை மற்ற இரண்டும். அவை விளம்பரத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. நாமே நாடா கொண்டு அளந்தறிய வேண்டும்.

தாழ்ந்த இருக்கையும் தீது. மிக உயர்ந்த இருக்கையும் தீது. தாழ்ந்த இடத்திலிருந்து எழும்போது உடலின் பாரம் முழுவதையும் மடங்கிய முழங்காலும் இடுப்பும் தாங்கித் தூக்க வேண்டியிருக்கிறது. தாழ்ந்த கார்களில் உட்காருவது எளிதாகவும் எழுவது துன்பமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பல்லாண்டுகள் குழித்தறியில் அமர்ந்து மிதிப்பலகையை மிதித்த நெசவாளிக்கும், நாற்று நட்டுக் குனிந்த முதுகுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மிக உயர்ந்த இருக்கைக்கோ, ஒற்றைக் காலில் நின்று மறு காலை உயரத் தூக்க வேண்டும். சேலையுடுத்திய மூதாட்டிக்கு அது இன்னும் கடினம்.

இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்க. எழ முடியாவிட்டால் மடித்த ஜமுக்காளத்தையோ பலகையையோ இட்டு, எளிதாக எழக்கூடிய உயரத்தைக் கண்டு தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்க. இது கீழெல்லை. பிறகு அவரை நிற்கவைத்துத் தரையிலிருந்து பிட்டத்தின் கீழ்மடிப்பு வரை அளந்திடுக. இது மேலெல்லை. வண்டியின் இருக்கை இவ்விரண்டுக்கும் நடுவே இருந்தால், பெரியவர் முதுகைக் காட்டி நின்று, சற்றே சாய்ந்து அமர்ந்து, பின்னர் இரு கால்களையும் ஒருசேர உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஏறும் முறைகளில் இதுவே தக்கது. தலையை முதலில் நுழைத்து ஒரு காலால் ஏறுவது இளைஞர் வழக்கம்.

கால்களை உள்ளே எடுக்கும்போதுதான் வாசல் விளிம்பு தடுக்கிறது. அது தாழ்வாகவும், அதற்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தூரம் குறுகலாகவும் இருத்தல் நலம். ஓரம் மேடிட்ட இருக்கையில் உடலைத் திருப்புவது அரிது. துணியுறை இழுத்துப் பிடித்தால் ஒரு பாலிதீன் தாளை இருக்கைமேல் விரித்துக்கொள்ளலாம். உடல் எளிதில் திரும்பும். புறப்படுமுன் அத்தாளை எடுத்துவிடவேண்டும். இல்லையேல் தடை போடும்போது ஆள் வழுக்குவார்.

கதவைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். டாட்டா நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பஞ்ச் வண்டியின் கதவுகள் ஏறக்குறைய செங்கோணமாக விரியும். ஆளைத் தாங்கி அமர்த்தும் துணைவருக்கும் நிற்க இடம் கிடைக்கும். ஆனால் நெசவாளர் தெருக்களில் அவ்வளவு விரியத் திறப்பதற்கு இடம் ஏது? அத்தகைய சந்துகளில் மாருதி ஈக்கோவைப் போலப் பக்கவாட்டில் நகரும் கதவுடைய வண்டி உதவும். ஆயின் ஈக்கோவில் எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் உள்ளது. முன்னே ஏறுவது சிலருக்குச் சிரமம், ஆகவே இரண்டு இடங்களிலும் ஏறிப் பார்க்க வேண்டும். எந்த வண்டியானாலும் திறந்த கதவைப் பிடித்துத் தொங்கி எழும் பழக்கம் கூடாது. கதவு நகரும், பிடித்தவரும் உடன் நகர்வார். கூரையோரத்தில் உறுதியான கைப்பிடி உள்ளதா என்று பாருங்கள்.

ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் வெல்கேப் என்னும் பெயரில், வெளிப்புறம் திரும்பும் இருக்கை கொண்ட வண்டிகளை நெடுங்காலமாக விற்கிறது. நம் நாட்டிலும் 2025-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி நிறுவனம் வாகன் ஆர் வண்டிக்குச் சுழலும் முன்னிருக்கை ஒன்றை அறிமுகப்படுத்தியது. முழங்கால் முற்றிலும் தளர்ந்தவர் உள்ள வீட்டார் இதை விசாரிப்பது தகும். நடமாடும் முதியவருக்கு இருக்கையின் உயரம் சரியாக அமைந்தாலே போதும் என்பது நம் அபிப்பிராயம்.

இனி, சரக்கு வண்டி வாங்கி அதிலேயே பெற்றோரையும் ஏற்றிச் செல்லலாம் என்று நினைப்போரும் உளர். ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் ஒருவரை அழைத்துச் செல்வது வேறு. பின்புறத் தட்டில் பாய் விரித்துக் கிழவர் கிழவியரைத் திருமணத்துக்கும் கோயிலுக்கும் ஏற்றிச் செல்வதை நம் வட்டாரத்தில் நாள்தோறும் காண்கிறோம். இது சட்டத்துக்கு மாறானது. 2002-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில், சரக்கு வண்டியில் இலவசமாகச் செல்லும் பயணிக்கு ஏற்படும் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ உடன் செல்வதற்கு மட்டும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தருகிறது. தட்டில் அமர்ந்த பாட்டிக்கு ஏதேனும் நேர்ந்தால் நஷ்ட ஈட்டுச் சுமை வண்டி வாங்கிய மகனின் தலையில் விழும்.

பயணிகள் வண்டியில் சரக்கு ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. பதிவுச் சான்றில் வெற்று எடையும், சுமையுடன் கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். முன்னது 950 கிலோ, பின்னது 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 450 கிலோ. ஆளுக்கு 60 கிலோ வீதம் நால்வர் அமர்ந்தால் 240 போய், மிச்சம் 210. யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. நான்கு மூட்டை 180 கிலோ, ஏற்றலாம். ஐந்தாவது மூட்டையை ஏற்றினால் 225 ஆகி எல்லை மீறும். மூட்டையைத் தூக்கி வைக்க வேண்டிய பின்வாசலின் உயரத்தையும் கவனிக்க. தூக்குபவர் அறுபது வயதுக்காரராயிருந்தால் அங்கும் முதுகே விலை கொடுக்கிறது.

தரை இடைவெளியையும் புறக்கணிக்கலாகாது. ஏரிக்கரை வழியும், டிராக்டர் சக்கரம் பதிந்த வண்டிப்பாதையும் நடுவில் மேடிட்டிருக்கும். நிறுவனங்கள் அறிவித்துள்ளபடி, ஒரகடத்தில் செய்யப்படும் ரெனோ டிரைபரின் இடைவெளி 182 மில்லிமீட்டர். அதே ஆலையின் நிஸான் மேக்னைட்டுக்கு 205. இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் எக்ஸ்டருக்கு 185. ஆளும் மூட்டையும் ஏறினால் இவ்வளவு இராது. 205 கிடைக்கிறதே என்று மயங்கி, அத்துடன் இருக்கையும் எவ்வளவு உயர்ந்தது என்பதை மறத்தலாகாது. நிலம்வரை தார்ச்சாலை உள்ள ஊர்க்காரருக்கு 180 அளவே பெரும்பாலும் போதும். டிரைபரின் மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வைத்தால் 625 லிட்டர் கொள்ளளவு கிடைக்கும் என்று நிறுவனம் கூறுகிறது. நூல் சிப்பத்துக்கும் காய்கறிக் கூடைக்கும் அது நல்ல இடம். அந்த மூன்றாம் வரிசையில் முதியவரை மட்டும் உட்காரச் சொல்ல வேண்டாம். வளைந்து நுழைய வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய வண்டிகளுக்கு (பெட்ரோலாயின் 1,200 சி.சி. வரை, டீசலாயின் 1,500 சி.சி. வரை) சரக்கு–சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்து, கூடுதல் வரியும் நீங்கியது. விலை குறைந்தது என்பதற்காகப் பெரிய வண்டிக்குத் தாவ வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி நூற்றுக்கு 9.5 என்று கொண்டால், ஐந்தாண்டுத் தவணையில் மாதம் சுமார் 10,500 ரூபாய். வட்டி மட்டும் 1 லட்சத்து 30 ஆயிரம். ஏழாண்டாக நீட்டினால் மாதத் தவணை சுமார் 8,170 ஆகக் குறையும். வட்டியோ 1 லட்சத்து 86 ஆயிரமாக ஏறும். மருத்துவமனைக்கும் சந்தைக்குமாக மாதம் நான்கு முறைதான் வண்டி வேண்டும், வாடகை முறைக்கு 1,500 என்றால், 6,000 ரூபாயோடு தீர்ந்தது. அத்தகைய குடும்பம் வண்டி வாங்காமலே இருக்கலாம். பழகிய வாடகை வண்டிக்காரரிடம் ஏறுவதற்கேற்ற வண்டியாகக் கொண்டுவரச் சொன்னால் மறுக்கமாட்டார். சாகுபடிக்கென்று வைத்த நகைக் கடனை வண்டியின் முன்பணத்துக்குத் திருப்புவதை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம். தவணை தவறினால் வண்டியும் போகும், நகையும் போகும்.

பாசத்தால் பலர் வண்டியைத் தந்தையார் பெயரில் பதிகிறார்கள். உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கே பொருந்தும். உரிமமில்லாத தந்தையாருக்கு அதனால் பயனில்லை. வண்டியில் அமர்ந்து செல்வோருக்கான தனிக்காப்பைக் கேட்டுப் பெறவேண்டும். தந்தையாரே ஓட்டுபவராயின், 55 வயதுக்கு மேல் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும் என்பதையும், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

கடையின் வழவழப்பான சமதரையில் ஏறிப் பார்த்துத் தீர்மானிப்பது போதாது. நம் ஊர்ச் சாலைகள் தார்மேல் தார் போட்டு உயர்ந்துவிட்டன. ஓரம் ஒரு சாண் பள்ளம். வண்டி சாலையில் நிற்க, பெரியவர் பள்ளத்தில் நின்றால், அளந்து வாங்கிய இருக்கை ஒரு சாண் உயர்ந்துவிடும். ஆகவே சோதனை ஓட்டத்துக்கு வண்டியை வீட்டு வாசலுக்கே வரவழைத்து, பெரியவரைத் தாமே மும்முறை ஏறி இறங்கச் செய்க. முதல் முறை உற்சாகத்தில் ஏறிவிடுவார்; மூன்றாம் முறைதான் உண்மையைக் காட்டும். மகன் வேலைக்குப் போயிருக்கும்போது அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் இராது என்பதால், சோதனையின்போதும் யாரும் கை கொடுக்க வேண்டாம். அருகில் நின்றால் போதும்.

உயரமான வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதை நஷ்டத்துக்கு விற்க வேண்டியதில்லை. பழைய வீடுகளில் திண்ணை கட்டிய கொத்தனாருக்கு இது தெரிந்த வேலைதான். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தின் அருகே, 15 சென்டிமீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு சிமெண்டு மேடை கட்டி, வழுக்காதபடி மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டு, ஏறும் பக்கத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி ஒன்று நாட்டினால் போதும். மேடைக்கு ஏறும் முனையைப் படியாக விடாமல் சரிவாக அமைப்பது நன்று. கட்டுமுன் கதவின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்க. ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்த நிலையிலும் கதவு மேடையின்மேல் உரசாமல் திறக்க வேண்டும்.