அடைவு காத்த தொண்டர்கள்

நூல்களைச் சேர்ப்பது எளிது. சேர்த்த நூல்களைக் கற்பவர் வேண்டும்போது எடுத்துப் பயன்கொள்ளும் வகையில் ஒழுங்குபட வைத்துக் காப்பதே அரிது. ஆயிரம் நூல்கள் முறையின்றிக் குவிந்து கிடக்கும் அறையைக் காட்டிலும், நூறு நூல்கள் வகைப்பட நிற்கும் ஒரு பேழை மாணவர்க்கு மிகுதியும் உதவும். இவ்வுண்மை ஓலைச்சுவடிக்கும் அச்சு நூலுக்கும் பொருந்துவதுபோல் இணையத்துக்கும் பொருந்தும்.

இணையத்தில் எழுதி வெளியிடப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, அச்சுக்கூடமும் வேண்டுவதில்லை. ஆதலால் அங்கே நல்லதும் அல்லதும், புதியதும் பழையதும் நாள்தோறும் பெருகுகின்றன. அப்பெருக்கில் வழி காட்டும் பொருட்டுத் தோன்றியதே இணைய அடைவு. தளங்களின் முகவரிகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளது இன்னதென ஓரிரு வரியில் கூறும் பட்டியலே அடைவு எனப்படும்.

அடைவின் தோற்றம்

உலகளாவிய வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தபோது, 1991ஆம் ஆண்டில் இத்தகைய பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 1994ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாகிய ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ என்னும் இருவர் தாம் கண்ட தளங்களைத் தொகுத்து ஓர் அடைவு அமைத்தனர். அதுவே யாகூ என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது.

யாகூ நிறுவனம் ஊதியம் பெறும் பணியாளரைக் கொண்டு தன் அடைவை நடத்தியது. இணையமோ அப்பணியாளரின் கைக்கு அடங்காமல் வளர்ந்தது. இதனைக் கண்ட ரிச் ஸ்க்ரெண்டா, பாப் ட்ரூயல் என்னும் பொறியாளர் இருவர், 1998ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வேறொரு வழியை வகுத்தனர். ஒவ்வொரு துறையையும் அத்துறையில் ஈடுபாடு கொண்ட ஒரு தொண்டரிடம் ஒப்படைப்பதே அவ்வழி. அவ்வாண்டிலேயே நெட்ஸ்கேப் நிறுவனம் அம்முயற்சியை ஏற்றுக்கொண்டது. ஓப்பன் டைரக்டரி எனவும், சுருக்கமாக டிமாஸ் எனவும் அது வழங்கப்பெற்றது. அதன் தொகுப்பை எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நெட்ஸ்கேப் இசைவளித்தது. 1999ஆம் ஆண்டின் இறுதிக்குள் அதில் 10 லட்சம் தளங்கள் இடம்பெற்றன.

இடம் வகுத்தல்

அடைவு ஒரு மரம் போன்றது. அடிமரத்திலிருந்து பெருங்கிளைகளும், பெருங்கிளையிலிருந்து சிறுகிளைகளும் பிரிகின்றன. புதிதாகச் சேர்ந்த தொண்டருக்கு முதலில் ஒரு சிறுகிளையே அளிக்கப்பட்டது. அதனை அவர் செவ்வனே பேணியபின் பெரிய கிளை அவர் பொறுப்பில் விடப்பட்டது. இத்தொண்டரை ஆசிரியர் என்று அழைத்தனர்.

இணையப் பக்கங்களை அமைக்கக் கற்பிக்கும் தளங்களின் கிளையைச் சான்றாகக் கொள்ளலாம். பக்கம் அமைக்கும் கலை, கணினி என்னும் பெரும்பிரிவில் இணையம் என்னும் உட்பிரிவின்கீழ் வைக்கப்பட்டது. ஆனால் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, தரவு வடிவங்கள் என்னும் மற்றோர் உட்பிரிவின்கீழ் வைக்கப்பட்டது. பக்கம் அமைக்க விரும்புவோன் இரண்டையும் நாடுவான் அன்றோ? ஒரே தளத்தை இரண்டு இடங்களிலும் எழுதி வைத்தால், ஓரிடத்தில் செய்யும் திருத்தம் மற்றோரிடத்தில் விடுபட்டுப்போகும். ஆதலின் பொருளை ஓரிடத்திலேயே வைத்து, மற்றோரிடத்தில் வழிகாட்டும் குறிப்பை மட்டும் அமைத்தனர். அக்குறிப்பின் இறுதியில் மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறி நின்றது. "நீ தேடுவது அக்கிளையில் உள்ளது, இவ்வழியே செல்க" என்பது அதன் பொருள்.

ஒரு பொருளைப் பலர் பல வழியில் தேடி வருவர் என்பது நூலகவியலார் நன்கறிந்த உண்மை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீர்காழி இராமாமிருத அரங்கநாதன், 1933ஆம் ஆண்டில் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளைக் குறியீடுகளால் இணைத்துக் காட்டுவது அம்முறை. நூலகத்தில் அவர் எதிர்கொண்ட சிக்கலே இணைய அடைவிலும் மீண்டும் எழுந்தது.

களையெடுத்தல்

அடைவில் ஒரு தளத்தைச் சேர்த்தவுடன் ஆசிரியரின் பணி முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. அச்சிட்ட நூல் பேழையில் வைத்த இடத்திலேயே இருக்கும். இணையப் பக்கமோ சொல்லாமல் மறையும், இடம் மாறும், உருமாறும்.

முதற்குறை, முகவரி அழிதல். பொதுமக்கள் விலையின்றித் தளம் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் என்னும் சேவை, 2009ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமெரிக்காவில் மூடப்பட்டது. அங்கே இருந்த எண்ணற்ற தளங்களின் முகவரிகள் ஒருசேரப் பயனற்றன. இக்குறையை அறிய டிமாஸ் அடைவில் ரோபோசில்லா என்னும் கணினி நிரல் ஒன்று இயங்கியது. அது முகவரிகளைத் தட்டிப் பார்த்து, விடையளிக்காதவற்றைக் குறித்து வைக்கும். அவை இடம் மாறினவா, முற்றும் மறைந்தனவா என ஆய்வது ஆசிரியரின் கடமை.

இரண்டாவது குறை, முகவரி நிற்கப் பொருள் மாறுதல். ஒருவர் தம் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க மறந்தால், வேறொருவர் அப்பெயரை வாங்கித் தம் வணிக விளம்பரங்களை அதில் நிரப்பிவிடுவதுண்டு. கணினி நிரல் தட்டிப் பார்த்தால் கதவு திறக்கும். உள்ளே இருப்பவர் வேறொருவர் என்பதை மனிதக் கண்ணே காணவல்லது.

மூன்றாவது குறை, பொருள் நிற்கக் காலம் மாறுதல். முற்காலத்தில் எழுத்தின் நிறத்தையும் அளவையும் எச்.டி.எம்.எல். குறிகளாலேயே குறித்தனர். தோற்றத்தைத் தனியே வகுக்கும் சி.எஸ்.எஸ். என்னும் முறை 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. எழுத்துக்குரிய பழைய குறியைக் கைவிடுமாறு 1997ஆம் ஆண்டின் எச்.டி.எம்.எல். விதிகள் அறிவுறுத்தின. பழைய முறையைக் கற்பிக்கும் பாடம் தன் முகவரியில் மாறாமல் இருந்தது. ஆனால் அதனை நம்பிக் கற்ற மாணவன் கைவிடப்பட்ட வழியைக் கற்றான். இக்குறை மிக நுட்பமானது. அத்துறையை அறிந்தவரே இதனைக் கண்டு களைய இயலும்.

பிரித்தலும் சேர்த்தலும்

களையெடுத்தபின்னும் ஒரு வேலை எஞ்சியது. ஒரு பிரிவில் இருபது தளங்கள் இருப்பின் படிப்பவர் விரைந்து தேர்ந்துகொள்வார். அதுவே இருநூறு ஆகுமாயின் அயர்ந்து விலகுவார். அப்போது அப்பிரிவைத் தொடக்கநிலைப் பாடங்கள், கருவிகள், விதிநூல்கள் எனப் பகுத்தல் வேண்டும். ஓரிரு தளங்களே எஞ்சிய பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்தலும் வேண்டும். பிரிவை இடம் மாற்றுமுன் அதனைச் சுட்டும் வழிகாட்டிக் குறிப்புகளை எல்லாம் திருத்த வேண்டும். இல்லையேல் ஓர் ஊரின் பெயரை மாற்றிவிட்டு, சாலையோரக் கைகாட்டிகளை அப்படியே விட்டதுபோல் ஆகும். ஆதலால் அண்டைப் பிரிவுகளின் ஆசிரியரோடு கலந்து பேசி உடன்பட்ட பின்னரே இத்தகைய மாற்றங்களைச் செய்தனர்.

விளக்க வரிகளிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தளத்தின் உரிமையாளர் "இணையற்றது, தலைசிறந்தது" என எழுதி அனுப்புவார். ஆசிரியர் அப்புகழுரைகளை நீக்கி, அதில் உள்ளது இன்னது என்று மட்டும் எழுதுவார்.

தளர்ச்சி

இத்துணைச் சிறப்புடன் வளர்ந்த அடைவு பிற்காலத்தில் தளர்ந்தது. தேடுபொறிகளின் ஆற்றல் பெருகியது. சொல்லைத் தட்டியவுடன் விடை கிடைத்தமையால், கிளைகளின் வழியே இறங்கித் தேடும் வழக்கம் குறைந்தது. ஆசிரியர் பலர் விலகினர். அவர் விட்டுச்சென்ற கிளைகளை ஏற்பாரின்றிப் பழைய முகவரிகள் பெருகின. தம் தளத்தைச் சேர்க்குமாறு வேண்டியோர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். 2006ஆம் ஆண்டு அக்டோபரில் கணினிகள் பழுதுற்றதால், டிசம்பர் வரை ஆசிரியர்கள் திருத்தம் செய்ய இயலாமல் இருந்தனர். யாகூவின் அடைவு 2014ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. டிமாஸ் 2017ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாளில் நின்றது. அப்போது அதில் 90 மொழிகளில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளில், 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. தொடக்கமுதல் ஏறத்தாழ 90,000 ஆசிரியர்கள் அதில் உழைத்திருந்தனர்.

எஞ்சிய பயன்

அவர்களின் உழைப்பு வீணாயிற்று எனக் கருதுதல் பொருந்தாது. தொகுப்பு எவர்க்கும் உரியதாக விடப்பட்டிருந்தமையால், பழைய ஆசிரியர் சிலர் அதனை எடுத்துக் கர்லி என்னும் புதுப்பெயரில் மீண்டும் நடத்தினர். நிறுவனம் கைவிட்டதைத் தொண்டர்கள் கைவிடவில்லை. அதற்கும் மேலாக, அடைவு நடந்த காலமெல்லாம் எங்கோ ஒரு சிற்றூரில் கணினியின் முன் அமர்ந்த மாணவன் ஒருவன், தானும் ஒரு பக்கம் அமைக்கக் கற்றுக்கொள்ள அது துணை நின்றது. தனக்காகப் பட்டியலைச் செப்பனிட்டவர் யார் என்பதை அவன் அறிந்திலன். செப்பனிட்டவரும் அவன் அறிய வேண்டும் என எதிர்பார்த்திலர்.

பள்ளி நூலகத்தின் பட்டியலாயினும், மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்த நூற்பெயர்களாயினும் முறை ஒன்றே. சேர்த்ததை அவ்வப்போது திறந்து பார்த்தல், பயனற்றதை நீக்குதல், இடம் மாறியதை உரிய இடத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் இடையறாது நிகழ்தல் வேண்டும். அவை நின்ற நாளில் எத்துணைப் பெரிய தொகுப்பும் வெறுங்குவியலாகத் தொடங்கிவிடும்.