ஆழம் அறிய ஆகும் செலவு

சரவாக் மாநிலத்தின் மிரி நகரில், கனடா குன்றின்மேல் ஒரு பழைய எண்ணெய்க் கிணறு உள்ளது. மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு அது. 1910ஆம் ஆண்டில் ஷெல் நிறுவனம் அதைத் தோண்டியது. மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருப்பதை அன்று எப்படி அறிந்தார்கள்? மிரி வட்டாரத்தில் எண்ணெய் தானாகவே நிலத்திலிருந்து கசிந்துகொண்டிருந்தது. உள்ளூர் மக்கள் அதை எடுத்து விளக்கெரிக்கப் பயன்படுத்தி வந்தனர். இயற்கையே இடத்தைக் காட்டிக் கொடுத்தது.

இன்று நிலைமை வேறு. மலேசியாவின் எண்ணெயில் பெரும்பகுதி கடலுக்கு அடியிலிருந்து கிடைக்கிறது. சபா கடற்பகுதியிலுள்ள கிக்கே எண்ணெய் வயலில் நீரின் ஆழம் மட்டும் ஏறத்தாழ 1,300 மீட்டர். அதற்கும் கீழே பாறை அடுக்குகளைத் துளைத்துச் செல்ல வேண்டும். இத்தகைய இடங்களில் எங்கே துளையிடுவது என்பதை முடிவு செய்ய அதிர்வலை ஆய்வு உதவுகிறது.

தர்ப்பூசணி வாங்குபவர் அதைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டுப் பழத்தின் தன்மையை ஊகிக்கிறார். அதிர்வலை ஆய்வும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. ஆய்வுக் கப்பல், அழுத்தப்பட்ட காற்றைத் திடீரென நீருக்குள் வெளியேற்றிப் பெரும் ஒலியை எழுப்புகிறது. அந்த ஒலி கடலடியைக் கடந்து பாறைகளுக்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாறை அடுக்கிலும் அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. கப்பலின் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்திற்கு இழுத்துச் செல்லப்படும் வடங்களிலுள்ள உணரிகள் அந்த எதிரொலிகளைப் பதிவு செய்கின்றன. அவை திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கணினிகள் பாறை அடுக்குகளின் முப்பரிமாணப் படத்தை உருவாக்குகின்றன.

இந்த ஆய்வுக்குப் பெரும் பணம் செலவாகும். ஆனால், அதனால் ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே வருவதில்லை. அப்படியானால், அதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் இதைப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்திடம் துளையிடத்தக்க நான்கு இடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றில் மட்டுமே எண்ணெய் உண்டு. எதில் என்பது தெரியாது. ஓர் இடத்தில் துளையிட 100 மில்லியன் ரிங்கிட் தேவை. எண்ணெய் கிடைத்தால் 500 மில்லியன் ரிங்கிட் வரும். நான்கிலும் துளையிட்டால் செலவு 400 மில்லியன். மிச்சம் 100 மில்லியன்.

இப்போது 40 மில்லியன் ரிங்கிட் செலவில் ஆய்வு நடத்தப்படுகிறது. இரண்டு இடங்களில் எண்ணெய் தங்குவதற்கு ஏற்ற பாறை அமைப்பே இல்லை என அது சரியாகக் காட்டுகிறது. மற்ற இரண்டு இடங்களில் மட்டும் துளையிட்டால் மொத்தச் செலவு 240 மில்லியன். மிச்சம் 260 மில்லியன். ஆய்வு எண்ணெயைக் கூட்டவில்லை, வீண்செலவைக் குறைத்தது. அதுவே அதன் பயன்.

மாறாக, ஆய்வு எதைக் காட்டினாலும் நான்கிலும் துளையிடுவது என்று நிறுவனம் முன்பே முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும்? படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த 40 மில்லியன் வீணே. ஆகவே, ஒரு தகவலின் மதிப்பு அதன் தெளிவில் மட்டும் இல்லை; அது நம் முடிவை மாற்றக்கூடியதா என்பதிலும் இருக்கிறது.

ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திற்கு வடக்கேயுள்ள கடலில் முக்லுக் என்னும் இடம் இருக்கிறது. அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்கக்கூடிய மிகப் பெரிய பாறை அமைப்பு இருப்பதாக அதிர்வலை ஆய்வு காட்டியது. அதை நம்பி நிறுவனங்கள் குத்தகைக்கும் துளையிடுவதற்கும் ஒரு பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் செலவிட்டன. செயற்கைத் தீவு ஒன்றை அமைத்து 1983ஆம் ஆண்டில் துளையிட்டனர். பாறை அமைப்பு இருந்தது. ஆனால், அதில் கிடைத்தது எண்ணெயின் சுவடுகளும் உப்புநீருமே. முன்னொரு காலத்தில் அங்கிருந்த எண்ணெய் வெளியேறிவிட்டது என நிலவியலாளர்கள் கருதினர். படம் பாத்திரத்தின் வடிவத்தைக் காட்டியது. பாத்திரம் காலியா, நிறைந்துள்ளதா என்பதைக் காட்டவில்லை.

பணக் கணக்கில் சேராத செலவுகளும் உள்ளன. ஆய்வு நடக்கும் பகுதியிலிருந்து மீன்பிடிப் படகுகள் விலகி நிற்க வேண்டியிருக்கும். ஒலியை நம்பி வாழும் திமிங்கிலங்களுக்கு அந்தப் பேரொலி இடையூறாகும். இதனால், பல நாடுகளில் ஒலியைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்னும் விதி உண்டு. அருகில் உள்ள விலங்குகள் விலகிச் செல்ல அது வாய்ப்பளிக்கிறது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆழம் அறிவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது: இந்தத் தகவல் நம் முடிவை மாற்றுமா? அது எதைச் சொல்லாது? அதன் விலையை நம்மோடு சேர்ந்து வேறு யார் கொடுக்கிறார்கள்? எண்ணெய் தேடுபவர்களுக்கு மட்டுமன்றி, முடிவெடுக்கும் அனைவருக்கும் இக்கேள்விகள் பயன்படும்.