மீண்டும் பாஞ்சோ: வலக்கையிலிருந்து ஒரு தொடக்கம்

கேள்வி: இளமையில் கற்றுப் பாதியில் விட்ட ஐந்து கம்பிப் பாஞ்சோவை நடுவயதில் மீண்டும் கற்க இயலுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: இயலும், வலக்கையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், தம் தாயகத்துச் சுரைக்குடுக்கை நரம்புக் கருவிகளின் வழியில் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் உருவாக்கிய பாஞ்சோவில், தண்டியின் இடையிலுள்ள பிருடையில் தொடங்கும் குட்டையான ஐந்தாம் கம்பி, பெரும்பாலும் மெட்டில் அழுத்தப்படாமல் ஒரே சுரத்தைச் சுருதிபோல் ஒலித்துக்கொண்டிருப்பதால், இசையின் உயிர் வலக்கையிலேயே தங்கியுள்ளது.

அக்கைக்கு இரு முறைகள் முதன்மையானவை. பழைமையான கிளாஹாமர் முறையில் விரல்நகம் கம்பியைக் கீழ்நோக்கி அடிக்க, கட்டைவிரல் ஐந்தாம் கம்பியை மீட்டுகிறது. 1945ஆம் ஆண்டின் இறுதியில் இசைக்கலைஞர் பில் மன்ரோவின் இசைக்குழுவில் சேர்ந்த பாஞ்சோக் கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் புகழ்பெறச் செய்த முறையில், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் 'ரோல்' எனப்படும் எட்டுச் சுரத் தொடரை மாறி மாறி மீட்டுகின்றன. முன்பு கற்ற முறையையே முதலில் மீட்டெடுப்பது நன்று.

திரும்பி வருவோருக்குள்ள பெரிய இடர், விரல்கள் இழந்துவிட்ட வேகத்தைச் செவி மறவாதிருப்பதாகும். அவ்வேகத்தில் வாசித்தால் பிழையே பழக்கமாகப் படிந்துவிடும். எனவே, காலப்பிரமாணத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரே ரோலை ஒலி சீராகும்வரை வாசித்த பின்னரே இடக்கையைச் சேர்க்க வேண்டும். வழக்கமான ஜி சுருதியில் எந்தக் கம்பியையும் அழுத்தாமலே இயைந்த சுரக்கூட்டு ஒலிப்பதால், இத்தொடக்கப் பயிற்சியும் கேட்க இனிமையாகவே அமையும். எஃகுக் கம்பிகளுக்கு விரல்நுனி மீண்டும் காய்த்துப் பழகவேண்டியிருப்பதால், வாரம் ஒருநாள் நெடுநேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் 20 நிமிடம் வாசிப்பதே பயன் தரும்.