கண்ணாடியைக் கழற்றிய பிறகு

மைனஸ் ஆறு பவர். பள்ளியில் என் பெயரே சோடாபுட்டி. லேசிக் செய்துகொண்ட மறுநாள் காலை, படுத்தபடியே எதிர்ச்சுவர் காலண்டரில் ராகு காலம், எமகண்டம் வரை படித்துவிட்டேன். கை மட்டும் வழக்கம்போலத் தலையணைக்கு அடியில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கற்றுக்கொண்டவை இவை.

1. கண்ணைக் கசக்கவே கூடாது. லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மூடிபோல் திறந்து, லேசர் பாய்ச்சி, மறுபடி மூடிவிடுகிறார்கள். தையல் கிடையாது, தானாகத்தான் ஒட்ட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மூடி நகரும். இரவில் கண் கவசத்தை மருத்துவர் சொன்ன நாள்வரை போடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சில நாள் தனியாகப் படுங்கள். தூக்கத்தில் கைவீசும் பிள்ளைக்கு ஆபரேஷன் தெரியாது.

2. முதல் வாரம் கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தலைக்கு ஊற்றியே ஆக வேண்டுமென்றால் பியூட்டி பார்லரில்போல் பின்னால் சாய்ந்துகொண்டு வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியல், நீச்சல், கண் மை மூன்றுக்கும் மருத்துவர் அனுமதி வேண்டும். பழைய மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

3. சொட்டு மருந்துகளை ஒரே கூடையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும். ஸ்டீராய்டு இதமாக இருக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கித் தொடர்ந்தால் கண்ணின் அழுத்தம் ஏறலாம். செயற்கைக் கண்ணீர் சொட்டு மட்டும் மாதக்கணக்கில் தேவைப்படும். அடிக்கடி விடுபவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

4. அதிகம் படுத்துவது கண் வறட்சிதான். மூடியைத் திறக்கும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. கண்ணீர் வேண்டும் என்று கேட்கும் உணர்வே குறைந்துவிடுகிறது. மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சில நேரம் எரிச்சல் தாங்காமல் பொலபொலவென்று நீர் கொட்டும், அதுவும் வறட்சிதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடத்திய 'ப்ரௌல்' ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் மூன்றாம் மாதத்தில் அறிகுறிகள் இருந்தன. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அடங்கும். சிலருக்கு நீடிக்கும், அவர்கள் சும்மா பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்க் காட்டட்டும்.

நான் முதலில் மாற்றியது கட்டிலை. மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடித்தால் விடியும்போது இமை ஒட்டிக்கொள்ளும். காரில் ஏ.சி. காற்றைக் கீழே திருப்புங்கள், பைக்கில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். செல்போன் பார்க்கும்போது இமைக்க மறந்துபோகிறோம், வேண்டுமென்றே இமையுங்கள். மிளகாய் தாளிக்கும் வேலையை வீட்டில் வேறு யாருக்காவது கொடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

5. இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். அதே ஆய்வில், முன்பு வளையம் காணாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை மூன்றாம் மாதத்தில் கண்டார்கள். பார்வைக் கோளாறுகளால் அன்றாட வேலைக்கே பெரிதும் திண்டாடியவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். வளையம் குறையும்வரை இரவில் வண்டி ஓட்டாதீர்கள். மிச்சப் பவர் கொஞ்சம் இருந்தால் இரவுக்கு மட்டும் கண்ணாடி போடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

6. பார்க்க வருகிறவர்கள் "லேசர் வச்சு சுட்டாங்களாமே?" என்பார்கள். இதில் பயன்படும் எக்ஸைமர் லேசர் சுடாது, திசுவைப் பொசுக்காமல் நுண்ணளவில் அகற்றும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்துக்கு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோனார். சகாக்களோடு அதில் லேசரைச் செலுத்திப் பார்த்தார்கள், கருகல் இல்லாமல் வெட்டியது. இந்தக் கதையைச் சொன்னால் அடுத்து "என்ன பத்தியம்?" என்று கேட்க மறந்துவிடுவார்கள். இந்த ஆபரேஷனுக்கென்று பத்தியம் ஏதும் இல்லை.

7. போனது கண்ணாடி மட்டும்தான். கிட்டப்பார்வைக் கண் நீளமானது, உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் சீவியது முன்பக்கக் கருவிழியை மட்டுமே. வருடம் ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

8. ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகள் உள்ள ஃபைலை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, சரியான பவரைக் கணக்கிட அது உதவும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக லேசிக் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

9. வீட்டில் இளையவர்கள் யாராவது "எனக்கும்" என்று கிளம்பினால், எந்த வேலைக்குப் போகப்போகிறார்கள் என்று கேளுங்கள். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை.

10. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும், லேசிக் அதைத் தடுக்காது. முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். இப்போது அதற்கென்றே ஒரு கண்ணாடி வாங்கித் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். இதையும் அவ்வப்போது தேடத்தான் வேண்டியிருக்கிறது.