அரிசோனா தெரியும், ஆம்ஹர்ஸ்ட் தெரியாது

நம்பிக்கை: அமெரிக்காவில் பேர் பெற்ற பல்கலைக்கழகம் என்றால் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. மற்றதெல்லாம் கணக்கில் வராது.

யாருடைய கணக்கில் என்று முதலில் கேட்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உப்பங்கழியை ஒட்டி, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. ‘சிபா’ என்றால்தான் அந்தப் பக்கம் தெரியும். கொடுவா மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் நுட்பத்தை இந்தியாவில் முதன்முதலாக 1997இல் செய்து காட்டியவர்கள் இவர்கள். இங்கிருந்து தெற்கே மரக்காணம் வரை கரையோரத்தில் இறால் ஹேச்சரிகள். இந்தத் தொழிலில் நோய் பற்றிப் படித்தவர்களிடம் மதிப்புள்ள ஒரு பெயர் அரிசோனா பல்கலைக்கழகம். அது பாலைவன மாநிலம். பல்கலைக்கழகம் இருக்கும் டூசான் நகரத்திலிருந்து கடலைப் பார்க்கச் சில மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஆனாலும் டொனால்டு லைட்னர் என்ற பேராசிரியர் அங்கே நடத்திய ஆய்வகத்தை, இறால் நோய்களுக்கான சர்வதேச ரெஃபரன்ஸ் ஆய்வகமாக உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றிருந்தது. 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைக் காலி செய்தபோது, நோய் இன்னதென்று நிர்ணயிக்க உலகம் திரும்பிப் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. சீனா, வியட்நாம், தாய்லாந்துக் குளங்களில் இறால் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணமான பாக்டீரியாவை 2013இல் அடையாளம் காட்டியதும் லைட்னரின் குழுவே.

குளத்து நீரின் கார அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் என்று பேச்சு வந்தால் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் வரும். அங்கே பணியாற்றிய கிளாட் பாய்டு எழுதிய புத்தகங்கள் மீன்வளம் படிக்கும் மாணவருக்குப் பழக்கமானவை. அமெரிக்காவில் சாதாரண ஆளிடம் ஆபர்ன் என்று சொல்லிப் பாருங்கள், கால்பந்து அணியைப் பற்றித்தான் பேசுவார்.

2009இல் இந்திய அரசு வனாமி என்ற வெளிநாட்டு இறாலை அனுமதித்தது. அதன் பிறகு நோயற்ற தாய் இறால்கள் ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கிய பிறகே ஹேச்சரிக்குப் போகின்றன. அந்த நோயற்ற இனத்தை வளர்த்தெடுப்பதில் முன்னோடியான ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் இப்போது ஹவாய் பசிபிக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. உலகத் தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேடினால் விரல் வலிக்கும்.

நம்பிக்கை: அங்கே பெரிய பெயர் என்றால் இங்கேயும் பெரிய பெயர்தான்.

வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர். அமெரிக்கப் பணக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளைச் சேர்க்கத் தவம் கிடக்கும் கல்லூரிகள் இவை. இளநிலைப் படிப்பில் கவனம் செலுத்தும் சின்னக் கல்லூரிகள் என்பதால் உலகத் தரவரிசைகளில் பெரும்பாலும் இவற்றுக்கு இடமே இல்லை. ஆம்ஹர்ஸ்டில் சீட் கிடைத்தது என்று படூர், கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சொன்னால், ‘அது எந்த ஊர்ல இருக்கு?’ என்பார்கள். அதே வீட்டில் டல்லாஸ், பஃபலோ, அரிசோனா ஸ்டேட் என்றால் உடனே தலையாட்டுவார்கள், ஏனென்றால் சித்தப்பா பையன் அங்கேதான் எம்.எஸ். முடித்தான். பெயர் விமானத்தில் தானாக ஏறி வருவதில்லை, நம்மிலிருந்து போன ஆட்களின் வாய் வழியாக வருகிறது. விடுதியில் மாணவர்கள் ‘ஆம்பிஷியஸ், மாடரேட், சேஃப்’ என்று பிரித்து வைத்திருக்கும் பட்டியலும் முக்கால்வாசி சீனியர்களுக்கு எங்கே அட்மிட் வந்தது என்ற வரலாறே. காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். வளாகத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் ஒரு மேல்படிப்பு நடந்தது. ஒரு பகுதி இங்கே, மற்றது பிட்ஸ்பர்க்கில். ஓ.எம்.ஆர். வட்டாரத்தில் அந்தப் பெயர் படிந்ததற்கு அந்த வகுப்பில் இருந்தவர்களும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வேறு, பென் ஸ்டேட் வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகம் சியாட்டிலில் ஒன்று, செயின்ட் லூயிஸில் ஒன்று. மயாமி பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்று ஒஹையோ மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறது!

நம்பிக்கை: தரவரிசை எண்தான் தரம்.

கியூ.எஸ். என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் 30 விழுக்காடு மதிப்பெண், பேராசிரியர்களிடம் ‘எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது’ என்று கேட்டு வாங்கும் பதிலுக்கு. இன்னொரு 15 விழுக்காடு, வேலை கொடுப்பவர்களிடம் கேட்பது. அதாவது ஏறக்குறைய பாதி மதிப்பெண், பெயர் கேள்விப்பட்டிருக்கிறோமா என்பதற்கே போகிறது. பேர் இருப்பதால் ரேங்க், ரேங்க் இருப்பதால் பேர்.

நம்பிக்கை: ஹார்வர்டு வந்த பிறகுதான் அமெரிக்காவில் தமிழுக்கு நாற்காலி கிடைத்தது.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளும் பணம் அனுப்பினார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏ.கே. ராமானுஜன் 1960களிலிருந்து 1993இல் இறக்கும்வரை சிகாகோவில் இருந்துகொண்டுதான் சங்கப் பாடல்களை ஆங்கில வாசகரிடம் கொண்டு சேர்த்தார். ஜார்ஜ் ஹார்ட் 1970களிலிருந்து பெர்க்லியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அங்கே 1990களிலேயே அமெரிக்கத் தமிழர்களின் நிதியில் இருக்கையும் அமைந்தது. தமிழ் ஏன் செம்மொழி என்று 2000இல் ஹார்ட் எழுதிய கடிதம் இங்கே மேடை மேடையாகப் பேசப்பட்டது. 2004இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோதும் அந்தக் கடிதத்தைச் சொன்னார்கள். பெர்க்லியின் உழைப்புக்குக் கிடைக்காத ஆரவாரம் ஹார்வர்டு என்ற பெயருக்குக் கிடைத்தது.

பெயர் எப்போதும் அங்கிருந்தே இங்கே வரும் என்பதும் சரியில்லை. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து, முறைகேட்டுப் புகார்களோடு பதவி இழந்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குச் சரக்கு மூட்டைகளும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை 562 பவுண்டுக்கு விற்ற கல்லூரி தன் பெயரை யேல் என்று மாற்றிக்கொண்டது. சென்னையில் சம்பாதித்த காசு. ஆனால் இங்கே யேல் என்றால் பலருக்கு இன்னும் பூட்டுதான் ஞாபகம் வரும்!

நம்பிக்கை: பெயரில் ‘யூனிவர்சிட்டி’ இருந்து, மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவமும் வந்துவிட்டால் அமெரிக்க அரசே உத்தரவாதம்.

அமெரிக்காவில் நம் யூ.ஜி.சி. போன்ற ஓர் அமைப்பு கிடையாது. தரச் சான்று கொடுப்பவை தனியார் முகமைகள். அவற்றை அந்நாட்டுக் கல்வித்துறை ஏற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ-20 கொடுக்க ஒரு கல்லூரிக்குக் கிடைக்கும் அனுமதி வேறு விஷயம். கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்துக்கு அந்த அனுமதி இருந்தது, தரச் சான்று இல்லை. 2011 ஜனவரியில் சோதனை நடந்தபோது அங்கே 1,500க்கு மேல் மாணவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் ஆந்திரப் பிள்ளைகள். சிலர் காலில் மின்னணுப் பட்டை மாட்டப்பட்டது. நிறுவனருக்கு 2014இல் 16 ஆண்டுக்கு மேல் சிறை. 2019இல் வெளியே வந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் மோசம். அது குடியேற்றத்துறையே விரித்த வலை. முதலில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள்.

நம்பிக்கை: அமெரிக்கப் பட்டம் இருந்தால் இங்கே எந்த வேலைக்கும் நேராகப் போகலாம்.

கானத்தூரில் கப்பல் படிப்பு படிக்கும் பையனைக் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட மத்திய அரசின் டி.ஜி. ஷிப்பிங் சான்றிதழ்தான் அவனுக்குப் பெரிது. அரசு வேலைக்கும் மேல்படிப்புக்கும் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வேண்டும். நெடுநாள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதைக் கொடுத்துவந்தது. 2025 ஏப்ரலில் யூ.ஜி.சி. இதற்கென்று தனி விதிமுறை வெளியிட்டது. மருத்துவம், சட்டம், மருந்தியல் போன்றவை அவற்றுக்குரிய கவுன்சில்களின் கையில். முக்கியமாக, ஃபிரான்சைஸ் முறையில் வாங்கிய பட்டத்துக்குச் சான்று கிடையாது. உள்ளூர்க் கட்டடத்தில் அமெரிக்கப் பெயர்ப்பலகையைப் பார்த்தால், அது யூ.ஜி.சி.யின் 2022 விதிப்படியான இணைப்புப் படிப்பா, ஃபிரான்சைஸா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.