மலைப் பனியில் ரிவால்வர் துருப்பிடிக்காமல் இருக்க

உரிமம் பெற்ற ரிவால்வரை ஏற்காட்டுத் தோட்ட வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி மூடுபனிதான்.

1. துடைக்கும் முன் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவுங்கள். காலி என்று நம்பிக் கையாளும்போதுதான் விபத்து நடக்கிறது.

2. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்; மார்கழிக் குளிரில் உறைந்து விசையை இறுக்கிவிடும். துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சிலிண்டர் அறையில் எண்ணெய் தேங்கினால் தோட்டாவுக்குள் கசியலாம், அவசரத்தில் வெடிக்காமல் போகலாம்.

3. தோல் உறையிலேயே நாள்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரம் குடிக்கும். உறை உரசும் இடத்தில்தான் முதல் செம்புள்ளி தெரியும். சிலிக்கா ஜெல் பையோடு, ஓதம் ஏறிய சுவரை ஒட்டாத இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

4. வெளிக்குளிரிலிருந்து கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்தால் உடனே துடையுங்கள். குளிர்ந்த இரும்பில் நீர் பூக்கும்.

5. பயிற்சியை உரிமம் பெற்ற சுடுதளத்தில் மட்டும் செய்யுங்கள். பழைய தோட்டாக்களை அங்கேயே சுட்டுத் தீர்த்துவிடுங்கள். கல்யாணக் கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுட்டால், 2019 திருத்தச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை உண்டு.

6. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், முந்தின நாளே சுத்தம் செய்து எண்ணெய் பூசிக் கொடுங்கள். வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.