லவ் பேர்ட்ஸுக்கு வயசானால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடையில் ஜோடியாக வாங்கி வந்து பால்கனியில் கூண்டு மாட்டுகிறோமே, அந்தக் குட்டிப் பறவைக்கு ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரே சொந்தமில்லை. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. நம் கூண்டில் இருப்பது பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள்தான் அதன் ஊர். (பச்சைக்கிளியைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) பெயரில் தொடங்கும் குழப்பம், பறவைக்கு வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகிறது.

“மூணு நாலு வருஷம்தான் இருக்கும்”

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்திலிருந்து பத்து வருஷம் சாதாரணம். இங்கிலாந்தில் சார்லி என்ற பட்ஜி 1948-இல் பிறந்து 1977 வரை, 29 வருஷம் இருந்தது. அது சாதனைக் கணக்கு, எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. ஆனால் மூன்று வருஷத்தில் போய்விடும் பறவைகள் பலவற்றுக்குக் காரணம் வயதல்ல, வெறும் தினை. தினையையே தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ கிடைப்பதில்லை. ஈரலில் கொழுப்பும் சேரும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்று தினையை நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

“வயசாயிடுச்சு, அதான் உப்பிக்கிட்டுத் தூங்குது”

இந்த ஒரு வாக்கியம்தான் அதிகப் பறவைகளைக் கொன்றிருக்கும் என்பது என் எண்ணம். பருந்துக்குப் பயந்து கூட்டமாக வாழும் பறவை, நோயைக் கடைசிவரை மறைக்கும். சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால், மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், அது பல நாளாகவே நோயில் இருக்கிறது என்று பொருள்.

எங்கள் வீட்டுப் பட்ஜி மணிக்கு ஏழு வயதில் ஒரு கால் வலுவிழந்தது. குச்சியில் சரியாக நிற்காது. மூக்கு நீலமாக இருந்தால் ஆண் என்று கடைக்காரர்கள் சொல்வார்களே, அந்த மூக்கும் பழுப்பாக மாறியிருந்தது. கிழவனாகிவிட்டான் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, விந்தகத்தில் கட்டி, அது காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார். பட்ஜிகளுக்கு இத்தகைய கட்டிகள் அடிக்கடி வருமாம். வலி மருந்தோடு சில மாதங்கள் ஓட்டினான். முன்பே டாக்டரிடம் போயிருக்கலாம் என்ற குறுகுறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது சமையலறை எடைமெஷினில் வாரம் ஒருமுறை பறவையை நிறுத்துவிடுகிறேன். முப்பத்தைந்து கிராம் பறவைக்கு மூன்றரை கிராம் குறைந்தால், உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. சிறகுக்கு உள்ளே நடக்கும் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, எடைமெஷினுக்குத் தெரியும்.

“பானை இல்லாட்டி தூங்காது”

பானை முட்டையிடத்தான். பட்ஜி குச்சியில் உட்கார்ந்தே தூங்கும். பானை தொங்கிக்கொண்டே இருந்தால் வயதான பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை உள்ளேயே சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கழற்றிவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

“ஜோடியில ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஏங்கியே செத்துடும்”

ஏக்கம் பொய்யில்லை. சில நாள் கூப்பிட்டுத் தேடும், சாப்பாடு குறையும். ஆனால் அடுத்தடுத்து இரண்டும் போனால், காதலைச் சொல்வதற்கு முன் தொற்றைச் சந்தேகியுங்கள். மறுநாளே புதுக் குஞ்சைக் கொண்டுவந்து கூண்டில் விடுவதும் தவறு. புதியதைக் குறைந்தது ஒரு மாதமாவது தனி அறையில் வைக்க வேண்டும். அப்புறமும் இளசின் துள்ளலைக் கிழப்பறவை தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதுவரை கூட்டம் என்பது நீங்கள்தான்.

“கிழப்பறவை இனிமே கைக்குப் பழகாது”

பிடித்துப் பிடித்துப் பழக்கினால் பழகாதுதான். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பேப்பர் படியுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள், கம்பி வழியே தினைக்கதிர் நீட்டுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். நீங்கள் இருக்கும்போதே கண் சொருகி, அலகை நறநறவென்று அரைத்தால், உங்களை நம்பிவிட்டது. கண்ணில் புரை விழுந்திருந்தால் குரல் கொடுத்த பிறகே கிட்டே போங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் இடத்தை மாற்றாதீர்கள். குச்சிகளைத் தாழ்த்திக் கட்டுங்கள். கடையில் தரும் வழுவழு உருளைக்குப் பதில் ஒழுங்கற்ற கொய்யாக் குச்சி பாதத்துக்கு நல்லது.

டாக்டரிடம் கிளம்பும்போது கூண்டைக் கழுவிப் பளபளவென்று கொண்டுபோகாதீர்கள். அடியில் விரித்த பேப்பர் அப்படியே இருக்கட்டும். டாக்டருக்கு அந்த எச்சம் வேண்டும்.